வாசலுக்கு வருபவரும் சிறுவர் நூல்களும்

சிறுவர் நூலொன்றை மதிப்பிட முனையும் எம்மவர் பொதுவாக மூன்று கேள்விகளையே கேட்பதுண்டு. மொழி பிள்ளையின் வயதுக்குப் பொருந்துகிறதா? படங்கள் நன்றாக உள்ளனவா? சொல்லப்படும் கருத்து நல்லதா? இவை அவசியமான கேள்விகளே. எனினும் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். அந்தக் கதையிலுள்ள வீட்டின் குசினிக்குப் பாலும் மீனும் மரக்கறியும் எப்படி வந்து சேருகின்றன? கொண்டுவருபவர் யார்? 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டுப் படலைக்கே பொருட்கள் வரத் தொடங்கியதை நேரில் கண்ட தலைமுறைக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வி அல்ல.

இக்கேள்வியோடு வாசிக்கத்தக்க நூல்களுள் ஒன்று, ஜூடித் கெர் 1968இல் எழுதி வரைந்த 'தேநீருக்கு வந்த புலி'. பேர்லினிற் பிறந்து, 1933இல் குடும்பத்தோடு ஜேர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்து 2019இல் மறைந்தவர் அவர். சோபி என்ற சிறுமியும் தாயும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் கதவு மணி ஒலிக்கிறது. வந்திருப்பது யாராக இருக்கும் என்று தாய் யோசிக்கிறாள். பால்காரர் காலையிலேயே வந்துபோய்விட்டார். பலசரக்குக் கடைப் பையன் வரும் நாள் இன்று அல்ல. கணவரிடமோ திறப்பு இருக்கிறது. கதவைத் திறந்தால் புலி!

புலியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். கடைப் பையனை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. ஆனால் புலி வந்தது வியப்பாவதற்கு அவனே காரணம். எவர் எந்த நாளில் வருவார் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். அந்த ஒழுங்கு தெரிந்திருப்பதாலேயே ஒழுங்கு மீறிய விருந்தாளியின் வருகை கதையாகிறது. கெர் இதனை விளக்கவோ உபதேசிக்கவோ இல்லை. ஒரு காலத்துக் குடும்பப் பொருளாதாரம் போகிறபோக்கில் ஒரு நினைப்பினுள் அடங்கிவிடுகிறது. புலி வீட்டிலுள்ள யாவற்றையும் உண்டு, குழாய்த் தண்ணீரையும் குடித்து முடித்தபின், கடைப் பையனுக்காக அக்குடும்பம் காத்திருக்கவில்லை. அன்றிரவு கபேயில் உண்கிறது. மறுநாள் தாயும் மகளும் கடைக்குப் போகிறார்கள். வாசலுக்கு வரும் காலம் முடிந்து, தேடிப்போகும் காலம் தொடங்குவதை நூல் தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது எனலாம்.

அதே 1968இல் அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்கரி, மனிதர் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும் பெரிய படநூலொன்றை வெளியிட்டார். அதில் விவசாயியான ஆடு தன் குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிகுதியைப் பூனைக் கடைக்காரருக்கு விற்கிறது. கிடைத்த பணம் தையற்காரருக்கும் கொல்லருக்கும் போகிறது. எஞ்சியது வங்கிக்குச் செல்கிறது. பொருளும் பணமும் கைமாறும் முறையை இத்துணை எளிமையாகச் சொன்ன நூல்கள் குறைவு. ஆயினும் அங்குள்ளோர் தொழிலின் உருவங்களே. கெரின் கடைப் பையன் ஒரு படத்திற்கூடப் பெரிதாக இடம்பெறாதபோதும், தனக்கென ஒரு நாளை உடையவன். கலை என்ற வகையில் இரண்டாவதே மேலானது என்பது என் கருத்து.

மூன்றாவது நூல், றேமண்ட் பிறிக்ஸ் 1973இல் வரைந்த 'நத்தார் தாத்தா'. குளிரைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போகும் அந்தக் கிழவர் விடியும் வேளையில் ஒரு பால்காரரைச் சந்திக்கிறார். ஊர் உறங்குகையில் வேலை செய்யும் இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடம் அது. பிறிக்ஸின் தந்தையே பால்காரர். வாசலில் பால் வைத்துச் செல்பவரின் மகன் பேனையை எடுத்ததால், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாத களைப்பு அங்கு தெரிகிறது.

1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பால் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியும் பேரங்காடியும் பரவியபின் அது நூற்றுக்குச் சில வீதமாகச் சுருங்கிற்று. 2020இல் நோய்த்தொற்று மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது பால்காரரை மீண்டும் நாடியோர் பலர். பழைய படநூல்களில் மட்டுமே அவரைக் கண்டிருந்த பிள்ளைகள் தம் படியிலேயே போத்தலைக் கண்டனர்.

எமது நாட்டில் நிலைமை சற்று வேறானது. இங்கு வாசல் வியாபாரம் முற்றாக அற்றுப்போகவில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிளும், பேதோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் சூன் பாண் முச்சக்கர வண்டியும் இருந்தே வந்தன. 2020 மார்ச் 20ஆந் திகதி ஊரடங்கு விதிக்கப்பட்டதும், மரக்கறி லொறிகளும் பலசரக்கு வண்டிகளும் அனுமதியுடன் ஒழுங்கைகளுக்குள் வந்தன. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது பாண் வண்டிகள் பலவும் முடங்கின. கொழும்பில் இப்போது கைத்தொலைபேசியில் விரல் வைத்தால் சாமான் வருகிறது. பொருள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதனைக் கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் வேறொருவர். அவருக்கு ஒரு நாளும் இல்லை, கடன் கொப்பியும் இல்லை. திரையில் நகரும் ஒரு புள்ளியாகவே பிள்ளை அவரைக் காண்கிறது.

இந்த மாற்றத்தை எமது சிறுவர் இலக்கியம் எதிர்கொண்டுள்ளதா? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' பாடலில் கொழுக்கட்டைக்குச் சேரும் ஒவ்வொரு பொருளும் கைவேலையோடு சொல்லப்படுகிறது. சர்க்கரைக்கு ஊர்ப்பெயர் கூட உண்டு. சிபில் வெத்தசிங்ஹ சிங்களத்தில் எழுதிய 'குடைத் திருடன்' கதையில் பட்டணத்துப் பொருள் கிராமத்தை வந்தடையாமையே சிக்கல். கிராமத்தில் கடை பிறப்பதே முடிவு. இத்தகைய முன்னோடிகள் இருந்தும், பின்வந்த எமது சிறுவர் பாடல்களில் நிலாவும் அணிலும் கிளியுமே மலிந்துள்ளன. வியாபாரி வந்தாலும் ஒரு கூவலாக வருவார். அல்லது நிறுவையில் ஏமாற்றித் தண்டனை பெறுவார். அல்லது உழைப்பின் உயர்வுக்கு உதாரணமாக நிறுத்தப்படுவார். செவ்வாய்க்கிழமை வருபவராக, வெயிலில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்பவராக, மழை நாளில் வராததால் வீட்டார் தேடுபவராக அவர் அரிதாகவே வருகிறார்.

முஸ்லிம் படைப்பாளிகளுக்கு இதில் மேலதிகப் பொறுப்பொன்றுண்டு. கண்டி இராச்சியக் காலத்தில் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிச் சென்று பாக்கோடு திரும்பியோர் எம் மூதாதையர். பின்னாளில் துணிப் பொட்டணியைத் தோளிற் சுமந்து சிங்களக் கிராமங்களின் வாசல்தோறும் சென்றோரும் எம்மவரே. 'நானா' என்ற விளிப்பு அவ்வாசல்களிற் பழகிய சொல். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் பல இடங்களில் முஸ்லிம் கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டன. 2020 ஊரடங்கின்போதும் முஸ்லிம் வியாபாரிகளிடம் வாங்கவேண்டாம் என்ற பிரசாரம் சமூக ஊடகங்களிற் பரவிற்று. பொருள் வீட்டுக்கு வருவது மிக அவசியமாயிருந்த அதே நாட்களில், கொண்டுவருபவரின் பெயர் கேட்கப்பட்டது. ஒரு படநூல் இதனைத் தடுத்திருக்கும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அறிந்த ஒருவரைப் பெயர் கேட்டுத் திருப்பியனுப்புவது கடினம். அந்த அறிமுகம் பிள்ளைப் பருவத்திலேயே ஏற்படுவது. வாசலில் ஏற்படாதபோது நூலிலாவது ஏற்பட வேண்டும்.

இதனை இன ஒற்றுமைப் போதனையாக எழுதினால் பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிடும். கெர் செய்ததைப்போல் வேறொரு கதையின் ஓரத்தில் வியாபாரியை நிறுத்தினாற் போதும். கதை ஒரு பூனையைப் பற்றியதாக இருக்கட்டும். அந்தப் பூனைக்கு மீன்காரரின் ஹோர்ன் சத்தம் தெரிந்திருக்கட்டும். அவர் எத்தனை மணிக்கு வருவார், சூரை மீனுக்கு உம்மா எவ்வளவு பேரம் பேசுவார், மிச்சக் காசுக்கு எதைக் கொடுப்பார் என்பன சொல்லப்படட்டும். இவை அனைத்தும் எம் ஒழுங்கைகளில் இன்னும் கிடைக்கும் விவரங்கள். கைத்தொலைபேசி அவற்றை முற்றாக விழுங்கும் முன் எழுதிவைப்பது நலம். அந்நூல் தமிழோடு சிங்களத்திலும் வெளிவருமாயின், மீன்காரரைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளின் தொகை இன்னும் பெருகும்.