பத்தாவியாவில் இருந்து வந்த சட்டமும் "அந்நியக் கை" என்ற வாதமும்

எமது சமூகத்தின் பொது விவாதங்களைக் கவனித்து வருபவர்களுக்கு ஒரு வாதம் நன்கு பழக்கமானது. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார். அது சரியா பிழையா என்று எவரும் முதலில் கேட்பதில்லை. "இவருக்குப் பின்னால நிக்கிறது யாரு?" என்றே கேட்கிறோம். "மேற்கத்தேயச் சதி", "என்.ஜீ.ஓ. காசு", "வெள்ளைக்காரனுக்குத் தேவையான கதை" என்று பதில் வந்துவிட்டால் விவாதம் முடிந்தது. சொல்லப்பட்ட கருத்து மட்டும் தொடுவாரின்றிக் கிடக்கும்.

இந்தக் கட்டுரை அந்த வாதத்தைப் பற்றியது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, செங்கலடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அதையே கற்பித்து வருபவள் நான். ஒரு வாதம் எங்கே ஊன்றி நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது எனக்குத் தொழில். அரசியல் கட்டுரைகளையும் ஜும்ஆப் பிரசங்கங்களையும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்பிள்ளையின் நிக்காஹைப் பதிவதற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்கிறது அச்சட்டம். பன்னிரண்டைத் தாண்டினால் அந்த அனுமதியும் தேவையில்லை என்பதே அதன் பொருள். காதியாக நியமிக்கப்படத் தகுதி ஆண்களுக்கு மட்டுமே. பதிவின்போது மணமகன், மணமகளின் வலீ, நிக்காஹை நடத்தி வைத்தவர் ஆகியோரின் கையெழுத்துகளைச் சட்டம் கேட்கிறது. மணமகளின் கையெழுத்தைக் கேட்பதில்லை.

நான் தினமும் காலையில் பாடசாலை வரவுப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன். புள்ளிப் பட்டியலிலும் மாணவர் தேர்ச்சி அறிக்கையிலும் இடுகிறேன். என் வாழ்வின் மிகப் பெரிய உடன்படிக்கை எழுதப்பட்ட தாளில் மட்டும் என் கையெழுத்து இல்லை. என் வாப்பா நல்ல மனிதர். என்னிடம் வாய்விட்டுச் சம்மதம் கேட்ட பிறகே அவர் கையெழுத்து வைத்தார். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு வாப்பா வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளைகளுக்காகத்தானே சட்டம் என்ற ஒன்றை எழுதி வைக்கிறோம்.

இந்தச் சட்டத்தை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழுவொன்று அமைக்கப்பட்டது. அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், பெண்ணின் திருமண வயது, பெண் காதிகள் போன்ற கேள்விகளில் குழு இரண்டாகப் பிரிந்தே பரிந்துரைகளை வழங்கியது. மார்க்க அறிவுள்ளவர்கள் கருத்து வேறுபடுவது எமது வரலாற்றில் புதிதல்ல. நான்கு மத்ஹபுகளும் அப்படித்தான் உருவாகின. குழுவுக்கு வெளியே நடந்ததுதான் என் கவலை.

2016 நவம்பரில் கொழும்பில் சட்டத் திருத்தத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை 2017 மே மாதம் மீள வழங்கியது. அந்த மாதங்களில் எங்கும் கேட்ட பேச்சு, ஐரோப்பாவுக்கு ஆடை விற்பதற்காக எங்கட ஷரீஆவை விற்கப் பார்க்கிறார்கள் என்பது. காதி நீதிமன்றத்தில் தாங்கள் பட்டதைச் சொன்ன பெண்கள் "பெமினிஸ்ட்" ஆனார்கள். பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்டு மாதக்கணக்கில் அலைந்த தாய், தன் அலைச்சலைச் சொன்ன அன்றே வெளிநாட்டு முகவர் ஆனாள்.

வரலாறு இதற்கு இடம் தரவில்லை. முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி, செயல் முன்னணி இந்த நாட்டில் தொடங்கியது 1986 இல். ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற சொல்லையே எவரும் கேட்டிராத காலம் அது. ஆக, இந்தக் கோரிக்கை பிரசல்ஸில் பிறந்தது என்பது கால ஒழுங்குப்படியே நிற்காது.

சரி, யார் எங்கே தொடங்கினார்கள் என்பதையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். அந்த அளவுகோலில் சட்டமே தேறாது. ஒல்லாந்தக் கம்பனி தனது ஆசியத் தலைநகரான பத்தாவியாவில், அங்குள்ள முஸ்லிம்களுக்காக ஒரு சட்டக் கோவையைத் தொகுத்து வைத்திருந்தது. 1770 இல் அதைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் கொழும்பு முஸ்லிம் பெரியார்களின் உடன்பாட்டோடு அதைச் சீர்செய்து, 1806 இல் முஹம்மதியச் சட்டக் கோவை என்று வெளியிட்டார்கள். 1852 இல் அது தீவு முழுவதற்கும் விரிந்தது. காதி முறை 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. பிறகு 1951 இல் இன்றைய சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்நியக் கை படாத ஏடு இதில் எது?

நான் ஷரீஆவைப் பற்றிப் பேசவில்லை. குர்ஆனும் சுன்னாவும் எமக்கு எங்கிருந்து வந்தன என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. ஒல்லாந்த வணிகனும் ஆங்கில நீதிபதியும் கொழும்புப் பாராளுமன்றமும் மாறி மாறி எழுதிய ஏட்டை அப்படியே ஷரீஆ என்று அழைக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். அந்த ஏட்டிலேயே ஒரு சான்று உண்டு. "கைக்கூலி" என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் அது. மார்க்கம் சொல்வது மஹர். அதைக் கொடுப்பவர் மாப்பிள்ளை, பெறுபவள் பெண். நேர் எதிர்த் திசையில் போகும் பணத்துக்குப் பதிவேட்டில் இடம் கொடுத்திருக்கிறது, நாம் தொடக்கூடாது என்று காத்து நிற்கும் சட்டம்.

மட்டக்களப்பு வாவிக்கரை ஆக்களுக்கு இதில் வியப்பு இருக்கக்கூடாது. எங்கட பழைய பள்ளிவாசல்களில் மரைக்காயர்மார் குடி வழியாக வந்தார்கள். அந்தக் குடி தாய் வழியில் எண்ணப்பட்டது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். இந்த வழக்கங்களை நாம் மக்காவில் இருந்து கொண்டுவரவில்லை. பக்கத்தில் வாழ்ந்த முக்குவர் சமூகத்தோடு பகிர்ந்துகொண்டோம். "எங்கட" என்று நாம் சொல்வதில் பாதி, ஒரு காலத்தில் அடுத்தவரிடம் இருந்து வந்ததுதான். அதனால் அது பொய்யாகிவிடவில்லை, எமது இல்லாமலும் போகவில்லை.

இதே வாதம் எம்மீது வீசப்பட்டபோது அதன் ஓட்டையை நாம் உடனே கண்டோம். பொதுபல சேனா 2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கிளம்பியபோது, பொருளில் என்ன பிழை என்று அது கேட்கவில்லை. பின்னால் இருக்கும் அரபுக் கையைத் தேடியது. 2018 இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது, அது இந்த மண்ணுக்குரிய உடை அல்ல, அரபு நாட்டு உடை என்று சொன்னார்கள். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் காத்தான்குடி வீதியில் நின்ற பேரீச்ச மரங்கள்கூட அரபுமயமாதலுக்குச் சாட்சிகள் ஆயின.

நான் அபாயா உடுத்துப் பாடசாலைக்குப் போகிறவள். என் மூத்தம்மா அபாயா உடுத்ததில்லை. சேலைத் தலைப்பால் முக்காடு போட்டவ. இந்த உடை அரபு நாடுகளில் இருந்து அண்மைக் காலத்தில் வந்தது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை வைத்து, அதை உடுக்கும் உரிமை எனக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. இதை நாம் மிகச் சரியாகவே வாதிட்டோம். அப்படியானால் கையெழுத்துக் கேட்கும் பெண்ணுக்கும் அதே நியாயம் சேரவேண்டும். துணிக்கு ஒரு தராசும் சொல்லுக்கு வேறு தராசும் வைத்திருக்க முடியாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. முஸ்லிம் பெண்ணின் துயரத்தை எங்கள் பகைவர்கள் கையில் தடியாக எடுக்கிறார்கள் என்பதே அந்த மறுப்பு. அது உண்மை. எகிப்தை 1883 முதல் 1907 வரை ஆட்டிப்படைத்த குரோமர் பிரபு, முக்காட்டைக் காட்டி இஸ்லாம் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்று எழுதினார். இங்கிலாந்துக்குத் திரும்பிய அதே மனிதர், பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்ற ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். லைலா அஹ்மத் என்ற எகிப்திய அறிஞர் 1992 இல் வெளிவந்த தமது நூலில் இந்த இரட்டை வேடத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். 2021 மார்ச்சில் சுவிற்சர்லாந்து மக்கள் 51 சதவீதத்தை ஒட்டிய வாக்குகளால் முகத்திரையைத் தடைசெய்தார்கள். அதே மாதம் இங்கேயும் புர்கா தடை பற்றி அமைச்சர் ஒருவர் அறிவித்தார். அந்த ஆண்டு ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்கு ஞானசார தேரர் தலைவராக்கப்பட்டார். எங்கள் பெண்கள்மீது இவர்களுக்கு எல்லாம் அக்கறை என்று நம்புவதற்கு நாம் குழந்தைகள் அல்ல.

ஆனால் அந்தத் தடி எங்கே கிடந்தது என்று கேட்கவேண்டும். நாம் தீர்க்காமல் வாசலில் போட்டு வைத்திருந்ததை அவர்கள் எடுத்தார்கள். 2009 இல் அமைந்த குழு 2010 இலோ 2011 இலோ முடிவு சொல்லி, சட்டம் எமது கையாலேயே திருத்தப்பட்டிருந்தால், 2021 இல் அந்தச் செயலணிக்குப் பேசுவதற்கு ஒரு விடயம் குறைந்திருக்கும். பகைவன் பயன்படுத்துவான் என்று பயந்து மறைக்கும் புண்தான் பகைவனுக்கு மிகவும் பயன்படுகிறது.

மேற்கு நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், குடும்ப வழக்குகளை ஷரீஆப்படி நடுத்தீர்ப்புச் செய்யலாமா என்ற விவாதம் 2003 இல் எழுந்தது. அரசு நியமித்த மரியன் பொய்ட், பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று 2004 டிசம்பரில் அறிக்கை தந்தார். கனடிய முஸ்லிம் பெண்கள் பேரவை எதிர்த்தது. 2005 செப்டெம்பரில் முதலமைச்சர் சமயவழி நடுத்தீர்ப்பு எல்லாவற்றையும் நிறுத்துவதாக அறிவித்தார். எதிர்த்தவர்களில் இஸ்லாத்தை வெறுப்பவர்களும் இருந்தார்கள், ஐந்து வேளை தொழுகிற பெண்களும் இருந்தார்கள். இரு தரப்பும் ஒரே பக்கத்தில் நின்றன என்பதால் இரு தரப்பின் நோக்கமும் ஒன்று என்று எழுதினால், என் மாணவர்களுக்குக்கூட நான் புள்ளி கொடுக்கமாட்டேன்.

பிரான்சிலோ கதை இன்னும் வேடிக்கையானது. எங்கள் ஆக்கள் எதை மேற்கத்தேயச் சிந்தனை என்று ஒதுக்குகிறார்களோ, அதையே பிரான்சின் ஜனாதிபதி அந்நியச் சரக்கு என்கிறார். 2020 ஒக்டோபர் 2 ஆம் திகதி மக்ரோன் "பிரிவினைவாதம்" பற்றி ஆற்றிய உரையில், அமெரிக்காவில் இருந்து முழுமையாக இறக்குமதியான சில சமூகவியல் கோட்பாடுகளைப் பற்றி எச்சரித்தார். நான்கு மாதங்களில் அவரது உயர்கல்வி அமைச்சர், பல்கலைக்கழகங்களில் "இஸ்லாமிய இடதுசாரிகள்" ஊடுருவியிருப்பதாகச் சொல்லி விசாரணை கேட்டார். பரிசுக்கு அமெரிக்கா அந்நியம், கொழும்புக்கு அரபு நாடு அந்நியம், எங்களுக்குப் பரிஸ் அந்நியம். மூவர் வாயிலும் ஒரே வாதம். ஆளைக் காட்டிக் கருத்தை மூடுவது அதிகாரத்தில் இருப்பவருக்கு எங்கும் வசதியானது. சிறுபான்மையான எமக்கு அது ஒருநாளும் வசதியாக இருக்கப்போவதில்லை, ஏனெனில் பெரிய குரல் உடையவனே இந்த வாதத்தில் வெல்வான்.

மார்க்கமும் எமக்கு இந்த வழியைக் காட்டவில்லை. ஸகாத் பொருளைக் காவல் காத்த அபூ ஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அவர்களிடம் திருட வந்தவன், ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொல்லிக்கொடுத்துத் தப்பிய சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது. மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த ஹதீஸ் அது. வந்தவன் ஷைத்தான். அவன் பொய்யன் என்பதையும், அன்று அவன் சொன்னது உண்மை என்பதையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். சொன்னவன் யார் என்பது மறைக்கப்படவில்லை. அதற்காகச் சொன்னது தள்ளப்படவும் இல்லை. திருவள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் கேட்பதும் இதே நிதானத்தைத்தான். ஷைத்தானின் வாயில் இருந்து வந்த உண்மைக்கே அந்த மரியாதை என்றால், எங்கட சொந்தச் சகோதரியின் வாயில் இருந்து வரும் உண்மைக்கு என்ன மரியாதை கொடுக்கிறோம்?

பத்தாவியா இன்று ஜகார்த்தா. எம்மைப் போலவே பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்களின் தலைநகர். அந்த நாட்டின் மார்க்க நீதிமன்றங்களில் பெண்கள் பல பத்தாண்டுகளாக நீதிபதிகளாக இருக்கிறார்கள். 2019 இல் இந்தோனேசியா பெண்ணின் திருமண வயதை 16 இல் இருந்து 19 ஆக உயர்த்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக்கியது. மலேசியா 2010 இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. அங்கே எவரும் கலிமாவை மறந்துவிடவில்லை. சட்டத்தை எமக்கு அனுப்பிய ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. பெற்ற நாம் 1770 இல் கப்பலில் வந்த பெட்டியைத் திறக்க மறுக்கிறோம்.

எனவே அடுத்த தடவை ஒரு பெண் எழுந்து, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகட்டும், நிக்காஹ் தாளில் அவளும் கையெழுத்து வைக்கட்டும், காதியின் ஆசனத்தில் படித்த பெண்ணும் இருக்கட்டும் என்று சொன்னால், அவள் யாருடைய பணத்தில் பேசுகிறாள் என்று கேட்க விரும்புகிறவர் கேட்கட்டும். கணக்குக் கேட்பது பிழையல்ல. ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும், அவள் சொன்னது குர்ஆனுக்கு முரணா, நீதிக்கு முரணா என்ற கேள்வி அப்படியே மிஞ்சி நிற்கும். அதற்கு மார்க்க ஆதாரத்தோடு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள். இல்லை என்றால் சட்டத்தை மாற்றுங்கள். ஆம் என்றால் ஆதாரத்தை எடுத்து வையுங்கள், நாங்களும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான்.