அடைக்கலம் தந்த பள்ளியும் அடைக்கலம் இழந்த சிறுவனும்

பள்ளிகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் விழா மலர்களில் படிக்கிறோம். அடிக்கல் நாட்டிய ஆயர், அடுத்தடுத்து வந்த தலைமையாசிரியர்கள், எழும்பிய கட்டடங்கள், தேர்ச்சி விழுக்காடு, உயர்பதவி எய்திய பழைய மாணவர் எனப் பக்கங்கள் நிரம்புகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு பள்ளி தன் மாணவனின் உள்ளத்தில் எதை எழுதிச் சென்றது என்பதை அவை கூறுவதில்லை. அதை அம்மாணவனே கூற வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1987-இல் எடுத்த 'ஓ ருவுவார் லெ ஸான்ஃபான்' என்னும் திரைப்படம் அத்தகைய சாட்சியம். 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்பது அத்தலைப்பின் பொருள். அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற இப்படத்தை, ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வரலாறாகவே இங்கு நோக்க விரும்புகிறோம்.

பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே, ஃபோன்தென்புளோ காட்டின் ஓரத்தில் உள்ள ஆவோன் என்னும் ஊரில், 1934-இல் கார்மேல் சபைத் துறவியர் சிறுவர்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினர். குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் பெயரைத் தாங்கிய அப்பள்ளியின் முதல் தலைவர் அருட்தந்தை ழாக். 1900-இல் நார்மண்டியில் பிறந்த அவருடைய இயற்பெயர் லூசியன் புனெல். பிரான்சு ஜெர்மானியர் வசமாகி, யூதர் வேட்டையாடப்பட்ட நாள்களில், மூன்று யூதச் சிறுவரை மாற்றுப் பெயர்களில் மாணவராக அவர் சேர்த்துக்கொண்டார். யூதரான தாவரவியலறிஞர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தினார். 1944 ஜனவரி 15 அன்று கெஸ்டாப்போ என்னும் ஜெர்மானிய இரகசியக் காவல்துறை பள்ளிக்குள் நுழைந்தது. தந்தையும் மூன்று சிறுவரும் கைதாயினர். பள்ளி மூடப்பட்டது. பிப்ரவரி மாதம் சிறுவர் மூவரும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். அன்று அப்பள்ளியில் பயின்றுகொண்டிருந்த 11 வயது மாணவரே லூயி மால். தாம் கண்டதைப் படமாக்க அவருக்கு 43 ஆண்டுகள் ஆயின.

ஆயினும் படம் வீரச் செயலில் தொடங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, தாயைப் பிரிய மனமின்றி இரயில் நிலையத்தில் நிற்கும் ழூலியன் என்னும் சிறுவனிடம் தொடங்குகிறது. குளிர் உறையும் படுக்கைக்கூடம், பொய்க்கால்களில் ஏறி ஒருவரையொருவர் வீழ்த்தும் விளையாட்டு, வீட்டிலிருந்து வந்த ஜாமைக் கொடுத்துத் தபால்தலை வாங்கும் பண்டமாற்று, இரவில் படுக்கையை நனைத்துவிட்டு விடியுமுன் மறைக்கத் தவிக்கும் வெட்கம், புதிதாய் வந்தவனைச் சீண்டும் கொடுமை - விடுதியில் வளர்ந்தோர் இவற்றை உடனே அடையாளம் காண்பர்.

அப்படிச் சீண்டப்படும் புதியவன்தான் பொன்னே. கணக்கிலும் பியானோவிலும் கெட்டிக்காரன். ஓர் இரவு, தன் கட்டிலருகே இரு மெழுகுதிரிகளை ஏற்றித் தனியே செபிக்கும் அவனை ழூலியன் காண்கிறான்; அவன் யூதன் என்பதை மெல்ல அறிகிறான். பெற்றோர் வந்திருந்த ஞாயிறுத் திருப்பலியில் பொன்னேயும் நற்கருணை பெற மண்டியிடுகிறான். குருவானவர் ஒரு கணம் தயங்கி, அவனைக் கடந்து செல்கிறார். புறக்கணிப்பெனத் தோன்றும் இச்செயலை நாம் மதிப்பெனவே கொள்கிறோம். அடைக்கலம் கொடுத்ததற்கு ஈடாக அவனது மறையை அவர் கேட்கவில்லை. அதே திருப்பலியில், செல்வர்க்குரிய எச்சரிக்கையை அவர் மறையுரையாக ஆற்றுகிறார். அது பொறாமல் ஒருவர் எழுந்து வெளியேறுகிறார்.

இனி, படத்தின் மையத்துக்கு வருவோம். சமையற்கட்டில் வேலை செய்யும் ஜோசப் ஒரு கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன். மாணவர்கள் தம் தின்பண்டங்களை அவன் வழியாகக் கள்ளச் சந்தையில் விற்கின்றனர். குட்டு வெளிப்பட்டபோது ஜோசப் வேலையை இழக்கிறான். கூட்டாளிகளான மாணவர்களோ, பெற்றோரை முன்னிட்டுப் பள்ளியிலேயே தொடர்கின்றனர். அது அநீதி என்று குருவானவரே அறிந்திருக்கிறார்; அறிந்தும் செய்கிறார். போக்கிடமற்ற ஜோசப் ஜெர்மானியரிடம் போய்க் காட்டிக்கொடுக்கிறான். உழவர் குடியைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், எதிர்ப்பியக்கம் ஏற்காததால் எதிரியின் காவல்துறையில் சேர்வதை மால் 1974-இல் எடுத்த 'லகோம்ப், லூசியன்' படத்திலும் காட்டினார். பகைவன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, நாம் வெளியே தள்ளியவனின் வழியாகவும் வருகிறான் என்பதே இரு படங்களின் எச்சரிக்கை.

ஒரு புனிதத் துறவியின் பள்ளிமீது இவ்வாறு குறை சுமத்தலாமா என்று கேட்போர் உண்டு. இது குறை சுமத்தலன்று என்பதே நம் கருத்து. உயிரைப் பணயம் வைத்து மூவரைக் காத்த அதே கரம், கட்டணம் செலுத்தும் வீட்டாரை எண்ணி ஓர் ஏழையை வெளியேற்றியது. பெரிய சோதனையில் வென்றவர் சிறிய சோதனையில் தவறியதை மறைக்காததாலேயே, அவருடைய தியாகம் பதுமையின் தியாகமாகாமல் மனிதனின் தியாகமாகிறது. இயக்குநர் தம் வகுப்பாரையும் விட்டுவைக்கவில்லை. வகுப்பறையில் ழூலியன் தன்னையறியாமல் பொன்னேயைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வையே அவனை அடையாளம் காட்டிவிடுகிறது. குற்றம் ஜோசப்பிடம் மட்டும் நின்றுவிடவில்லை.

படத்தின் குறை ஒன்றுண்டு. சிறுவனின் கண்மட்டத்திலேயே நிற்பதால், குருவின் பிற்பாதி முடிவில் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. வரலாறு மேலும் சொல்கிறது. அருட்தந்தை ழாக் மௌதௌசன் முகாமுக்கும் அதன் கிளையான குசேனுக்கும் அனுப்பப்பட்டார். விடுதலை வந்தும் உடல் தேறாமல், 1945 ஜூன் 2 அன்று லின்ஸ் நகரில் இறந்தார். யூதரைக் காத்த பிற இனத்தாருக்கு இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் வழங்கும் 'நீதிமான்' என்னும் சிறப்பை 1985-இல் அவருக்கு வழங்கியது. இவற்றையும் அறிந்து பார்ப்போர்க்குப் படம் இன்னும் ஆழமாகும்.

நம் வீடுகளில் விடைபெறுவோர் 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்பதே மரபு. படைவீரர் நடுவே நின்று, முற்றத்தில் வரிசையாய் நின்ற மாணவரை நோக்கிக் குருவானவர் சொல்லும் சொல்லும் அதுவே. அவர் வரவில்லை. ஆனால் ஒரு பள்ளியை எதைக் கொண்டு அளப்பது என்னும் கேள்வி, அம்மாணவர்களுள் ஒருவர் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோராகிய நாம், அங்கு அவர்கள் பெறும் மதிப்பெண்ணை விசாரிக்கிறோம். அங்குச் சமையற்கட்டில் உழைக்கும் பையன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதையும் ஒருநாள் விசாரிப்போமாக.