சிறைக்கூடமும் தெருப்பாட்டும்

அரசாங்கத்தார் சரித்திரத்தை ஏடுகளில் எழுதிவைக்கின்றனர். பாமர ஜனங்களோ அதனைப் பாட்டில் வைத்துக் காக்கின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க, அயர்லாந்து தேசத்தில் வழங்கும் ‘கெவின் பாரி’ என்னும் பாட்டு நமக்கு ஏற்றதாகும்.

டப்ளின் நகரத்து மவுண்ட்ஜாய் சிறைச்சாலை 1850-ல் திறக்கப்பட்டது. அங்கே 1920-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, 18 வயதே நிரம்பிய வைத்திய மாணவன் கெவின் பாரி தூக்கிலிடப்பட்டான். அவ்வருஷம் செப்டம்பர் 20-ல் அவன் பங்குகொண்ட தாக்குதலொன்றில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூவர் மாண்டதே காரணம். அவன் உடல் சிறை நிலத்திலேயே புதைக்கப்பட்டது.

ஆக்கியோன் பெயரின்றி வழங்கும் இப்பாட்டு, கப்பலோட்டிகளின் பழைய மெட்டொன்றில் அமைந்தது. இதில் அலங்காரமில்லை, உவமை அடுக்கில்லை. பையனின் வயதும், சிறையும், தூக்குமேடையுமே போதுமென்று நிற்கிறது. போர்வீரனாகச் சுட்டுக் கொல்லாமல் குற்றவாளிபோல் தூக்கிலிட்டனரே என்னும் முறையீடே இதன் உயிர்நிலை. பால் ரோப்சன் என்னும் நீக்ரோப் பாடகரும் இதனைப் பாடினார் என்றால், அம்முறையீடு கடல் கடந்து சென்றமை விளங்கும்.

எனினும் நாம் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. அதே சிறையில் 1920, 1921-ஆம் வருஷங்களில் அவ்விடுதலைப் போரின்பொருட்டுத் தூக்கிலேறியவர் பதின்மர். அவருள் தாமஸ் டிரெய்னர் என்பவர் செருப்புத் தைத்துப் பிழைத்தவர்; பத்துக் குழந்தைகளுக்குத் தந்தை. மாணவன் பெயரை உலகம் பாடிற்று. தொழிலாளியின் பெயர் அவ்வாறு பரவவில்லை. மாண்ட மூன்று சிப்பாய்களும் இளைஞர்களே. அவர்கள் பெயரும் பாட்டிலில்லை. இளமையும் கல்வியும் உடையவன் மாளும்போதுதான் உள்ளம் உருகுமென்றால், அவ்வுருக்கத்திலும் உயர்வு தாழ்வு புகுந்துவிட்டதன்றோ?

2001-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி, அயர்லாந்து அரசாங்கத்தார் பதின்மருக்கும் ஒருங்கே மரியாதை செய்தனர். ஒன்பதின்மர் கிளாஸ்நெவின் இடுகாட்டிலும், பாட்ரிக் மாகர் லிமெரிக் ஜில்லாவின் பாலிலாண்டர்ஸிலும் அடக்கம் செய்யப்பட்டனர். பாட்டு செய்யாததை அன்று அரசாங்கம் செய்தது. ஆயினும் எண்பது வருஷகாலம் அச்சிறைச்சுவரை ஜனங்கள் மறவாதபடி காவல் நின்றது பாட்டேயாகும்.

ஆதலின், பாட்டை இகழ்வது நம் கருத்தன்று. பாடும் வாய், பாடப்படாத பெயர்களையும் விசாரிக்கவேண்டும் என்பதே நாம் கூறுவது.