இரண்டாவது முறை

மேடையில் பாடும் ராக் பாடகரைப் பற்றி எழுதுகிறவர்கள் சுலபமாகப் போய்ச் சேரும் வாசகம் ஒன்று உண்டு: 'தன்னை மறந்து பாடினார்'. ஜானிஸ் ஜாப்ளின் விஷயத்தில் இது சற்று அதிகமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 1970இல், 27 வயதில் அவர் இறந்துபோனது இதற்கு ஒரு சோக நியாயத்தையும் கொடுத்துவிட்டது. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பிவந்தேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது ஒரு சிறு தகவல். 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்ட்டரேயில் நடந்த பாப் இசை விழாவை டி. ஏ. பென்னபேக்கர் படமாக்கினார். 'பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி' குழுவோடு ஜாப்ளின் சனிக்கிழமை பிற்பகல் பாடியதைப் படமெடுக்கக் குழுவின் மேனேஜர் சம்மதிக்கவில்லை. பாட்டு கூட்டத்தை உலுக்கிவிட்டது. பிறகு பேசி இணங்கவைத்து, படத்துக்காகவே ஞாயிறன்று மீண்டும் மேடையேற்றினார்கள். 'மான்ட்டரே பாப்' படத்தில் நாம் பார்க்கிற 'பால் அண்ட் செயின்' இந்த இரண்டாவது முறை பாடியதுதான்.

அப்படியானால் நாம் பரவசம் என்று கண்டது வெறும் நடிப்பா? இந்தக் கேள்வியோடு படத்தைத் திரும்பப் பார்த்தேன். வாத்தியங்கள் சட்டென்று ஓய்ந்துவிடுகிற இடங்கள் வருகின்றன. குரல் தனியாக நிற்கிறது. ஒரு சொல்லைத் திக்கித் திக்கிச் சிதைக்கிறார், முனகலாக இறக்குகிறார், அங்கிருந்து அலறலுக்குத் தாவுகிறார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மறுபடி சேர வேண்டும் என்பது குழு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. தன்னை மறந்தவர் செய்கிற காரியம் அல்ல இது.

சொற்களும் அவருடையவை அல்ல. பாட்டை எழுதியவர் பிக் மாமா தார்ன்ட்டன் என்ற கறுப்பினப் பாடகி. சொந்த வேதனையைக் கொட்டினார் என்பவர்கள் இதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வடிவம் முன்கூட்டியே தெரிந்திருந்தும், அந்த மௌனத்துக்குள் குரல் என்னவாகும் என்பது தெரிந்திருக்கவில்லை. உடையலாம், அசட்டுத்தனமாகவும் ஆகிவிடலாம். முதல் நாள் ஜெயித்துவிட்டவர், மறுநாள் ஜாக்கிரதையாக முதல் நாளையே நகல் எடுத்திருக்கலாம். ஜாப்ளின் ஆபத்தான அந்த இடத்துக்குள் மறுபடியும் போகிறார். மேடைக் கலைஞரின் தனித்தன்மை என்று நான் கருதுவது இதைத்தான். ஆவேசம் ஒரு முறை யாருக்கும் வாய்க்கலாம்.

கூட்டத்தின் ஆரவாரத்தை வைத்தும் இதைத் தீர்மானிக்க முடியாது. 1968இல் வந்த 'சீப் த்ரில்ஸ்' இசைத்தட்டில் பெரும்பாலான பாடல்கள் ஸ்டூடியோவில் பதிவானவை. மேடைக் கச்சேரி போலத் தோன்றுவதற்காகக் கூட்ட இரைச்சலைச் சேர்த்திருந்தார்கள். இரைச்சலைச் சேர்த்துவிடலாம். அந்த மௌனத்தில் இருக்கும் ஆபத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

கவிதை பற்றி எழுதியபோதெல்லாம் 'ஆவேசம்' என்ற சொல்லை ஒரு மதிப்பீடாகவே பயன்படுத்தியிருக்கிறேன். திருத்தி எழுதுகிறவனைக் கணக்குப் பார்க்கிறவன் என்று இளக்காரமாகச் சொன்னதும் உண்டு. அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பாட்டு முடிந்ததும் ஜாப்ளின் சிரிக்கிறார். பள்ளிக்கூடம் விட்ட சிறுமி போலத் துள்ளிக் குதித்துக்கொண்டு மேடையை விட்டு ஓடுகிறார். என்ன செய்து முடித்தோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.