உதவ வந்த கயவர்கள்

முறுக்கு மீசையும் சிவந்த கண்களும் மட்டும் ஒரு பாத்திரத்தைக் கயவனாக்கிவிடா. அத்தகையவனைக் கண்டதுமே நாம் எச்சரிக்கையடைந்து விடுகிறோம்.

பிரிவினைக் கொடுமையை வைத்து உருது எழுத்தாளர் சஆதத் ஹசன் மண்ட்டோ 1948இல் எழுதிய ‘கோல் தோ’ சிறுகதையைக் காண்போம். கலவரத்தில் மகள் சகீனாவைத் தொலைத்த சிராஜுத்தீன், அவளைத் தேடித் தர முன்வந்த எட்டு இளைஞர்களுக்காக துஆச் செய்கிறார். அவர்கள் சொந்தச் சமூகத்தவர். அவளைக் கண்டுபிடித்து உணவும் பாலும் தருகிறார்கள். துப்பட்டாவின்றிக் கூசி நின்றவளுக்கு ஒருவன் தன் மேற்சட்டையையே தருகிறான். அவளைச் சீரழித்தவர்களும் அவர்களே! அதை மண்ட்டோ வருணிக்கவில்லை; இறுதியில் அவள் நிலை கண்டு நாமே உணர்கிறோம்.

கயவரை அயலாரிடையே மட்டும் தேடும் நம் கதாசிரியர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. நாம் துஆச் செய்தவனே கயவனாகும்போதுதான் கதை நெஞ்சைச் சுடுகிறது.