தெரிவும் களப்பலியும்: மிகுபுனைவுப் பாத்திரமேற்பு நிகழ்பட ஆட்டங்களின் கதையாக்கமும் கூவாகம் அரவான் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

ஆடுநரே கதையின் போக்கைத் தீர்மானிக்கிறார் என்பது பாத்திரமேற்பு நிகழ்பட ஆட்டங்களைப் பற்றிய பொதுக்கருத்து. கதையின் முடிவை மாற்றவியலும் ஆற்றலே இவ்வடிவத்தின் சிறப்பு என்றும், முடிவு முன்னரே அறியப்பட்ட மரபுக்கதைகளில் பங்கேற்போர்க்குத் தெரிவு இல்லை என்றும் இக்கருத்து விரிகிறது. ‘தி விட்சர் 3’, ‘அன்ரெஸ்ட்’ ஆகிய இரு மிகுபுனைவு ஆட்டங்களையும், கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் நிகழும் கூத்தாண்டவர் விழாவின் அரவான் கதையையும் அருகருகே வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. தெரிவின் மதிப்பு முடிவை மாற்றுவதில் மட்டும் இல்லை. தெரிவுப் பட்டியலை வகுத்தவர் யார், தெரிவின் விளைவைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்களிலேயே அது தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு ஆட்டம், தெரிவு, கூற்று, கேட்போர், அரவான், களப்பலி, கூவாகம், மீளாமை.

முன்னுரை

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டமே இன்றைய பாத்திரமேற்பு ஆட்டங்களின் தோற்றுவாய். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேச, ஒருவர் கதையை நடத்திச் செல்வார். அவ்வடிவம் கணினிக்கு வந்தபோது, கதை நடத்துநரின் இடத்தை எழுதி நிறுத்தப்பட்ட உரையாடல் கிளைகள் பெற்றன. மேசையில் ஆடியவர் எதையும் சொல்லலாம். திரையில் ஆடுபவர் காட்டப்பட்ட மூன்று நான்கு தொடர்களுள் ஒன்றைத்தான் சொல்ல முடியும். இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாது தெரிவுரிமையைப் புகழ்வது திறனாய்வுக்குத் துணைசெய்யாது.

1997இல் வெளிவந்த இரு நூல்கள் இத்துறையின் அடிப்படைகளை அமைத்தன. எஸ்பன் ஆர்செத் தம் ‘சைபர்டெக்ஸ்ட்’ நூலில், வாசகர் கண்ணோட்டுவதற்கு அப்பாலும் உழைத்தால்தான் விரியும் பனுவல்களை வரையறுத்தார். ஜேனட் மர்ரே தம் ‘ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்’ நூலில், பொருளுடைய செயலைச் செய்து அதன் விளைவைக் காணும் நிறைவைச் செயலாண்மை என்றார். இவ்விரு கருத்தாக்கங்களும் தமிழ்ச் சூழலின் பங்கேற்புக் கலைகளுடன் உரசிப் பார்க்கப்பட வேண்டியவை. விடியவிடிய நிகழும் தெருக்கூத்தையும், ஊரே பாத்திரமேற்கும் பாரத விழாக்களையும் கொண்ட வடதமிழகம் அதற்குப் பொருத்தமான களமாகும்.

கூற்றும் கேட்போரும்: உரையாடல் தெரிவுகளின் இலக்கணம்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணிக் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகியவை இடம்பெறுகின்றன. யார், யாரிடம், எவ்விடத்து, எப்பொழுது பேசலாம் என்னும் வரையறைகளே அகப்பாடலின் உயிர். தலைவி பேசத் தகாத இடத்தில் தோழி பேசுகிறாள். எல்லாரும் எல்லாவற்றையும் பேசிவிட இயலாது. புலவர் தம் பெயரில் பேசாது ஒரு பாத்திரத்தின் வாயிலாகப் பேசுவதும், அப்பாத்திரத்துக்கு உரிய சொல்லெல்லைக்குள் நிற்பதும் இம்மரபின் அடிப்படை.

பாத்திரமேற்பு ஆட்டத்தின் உரையாடல் கிளைகளும் இத்தகைய இலக்கணத்தின்மீதே இயங்குகின்றன. ஆடுநர் ஏற்ற பாத்திரத்தின் குலம், தொழில், திறன், முன்செயல் ஆகியவற்றுக்கு ஏற்பச் சில தொடர்கள் திறக்கும். சில மூடியே கிடக்கும். ஆகவே ஆடுநரின் தெரிவு கட்டற்ற படைப்பன்று. வகுக்கப்பட்ட கூற்றுகளுள் ஒன்றை ஏற்றல். இதனைக் குறைபாடு எனக் கொள்ள வேண்டியதில்லை. அகப்பாடல் எல்லைக்குள் நின்றே ஆழம் பெற்றதைப்போல, ஆட்டமும் எல்லையைக் கொண்டே பொருள் உரைக்க இயலும். அவ்வெல்லை எதை உரைக்கிறது என்பதே வினா.

‘தி விட்சர் 3’: மறைத்துவைக்கப்பட்ட விளைவு

போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்டு ஹன்ட்’, ஆந்திரேய் சாப்கோவ்ஸ்கியின் புனைவுலகை அடியொற்றியது. இதில் கோமான் ஒருவனின் குடும்பக்கதை தனிக்கிளையாக அமைந்துள்ளது. மனைவியும் மகளும் காணாமற்போயினர் என்று அவன் கூறுகிறான். அசுரவேட்டையாளனாகிய கெரால்ட் தடயங்களைத் தேடத்தேட, கோமானின் முதற்கூற்று பகுதி உண்மையே என்பது தெரியவருகிறது. குடிவெறியில் அவன் மனைவியை அடித்திருக்கிறான். அவள் கரு கலைந்திருக்கிறது. அவர்கள் காணாமற்போகவில்லை, தப்பிச் சென்றிருக்கிறார்கள். பெயரிடப்படாது புதைக்கப்பட்ட அச்சிசு பேயுருவாகி அலைகிறது. அதனைக் கொல்வதா, பெயரிட்டு வாயிற்படியின்கீழ் அடக்கி இல்லுறை காவலாக மாற்றுவதா என்பது ஆடுநரின் முதல் தெரிவு.

அடுத்த தெரிவு இன்னும் கடியது. மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவியை விடுவித்தால் சதுப்புநிலத்தின் அநாதைக் குழந்தைகள் பிழைப்பர். ஆனால் ஓர் ஊர் அழியும், கோமானின் மனைவி சாபத்தால் இறப்பாள், கோமான் தூக்கிட்டுக்கொள்வான். ஆவியைக் கொன்றால் ஊர் பிழைக்கும். குழந்தைகள் இரையாவர், மனைவி சித்தம் கலங்கிய நிலையில் உயிர்பிழைப்பாள், கோமான் அவளை மருத்துவம் தேடி அழைத்துச் செல்வான். ஆவியின்முன் நிற்கும் ஆடுநர்க்கு இவற்றுள் பெரும்பகுதி தெரியாது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நன்று, தீது என்னும் இருமை தகர்க்கப்படுகிறது. இரண்டாவது, தெரிவுக்கு முன்னர் ஆடுநர் நெடுநேரம் கேட்போராக இருத்தப்படுகிறார். கோமானின் கூற்று, மகளின் கூற்று, இல்லத்தின் தடயங்கள் என ஒவ்வொன்றாகக் கேட்ட பின்னரே அவனுக்கு இரங்குவதா, வெறுப்பதா என்னும் நிலை உருவாகிறது. செயலாண்மையைச் செயலோடு மட்டும் இணைக்கும் மர்ரேயின் வரையறை, கேட்டலின் இப்பங்கை விளக்கப் போதவில்லை.

எனினும் ஓர் எல்லை உண்டு. விளைவு பிடிக்காவிடில் ஆடுநர் சேமித்த இடத்துக்குத் திரும்பி மறுதெரிவு செய்யலாம். டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) இவ்வசதியையே கேள்விக்குள்ளாக்கியது. ஒருமுறை கொன்றுவிட்டுத் திரும்பிவந்து உயிர்விடும் ஆடுநரிடம், முன்னர் அவர் செய்ததை அறிந்த ஒரு பாத்திரம் அதனைச் சுட்டிக்காட்டும். ஆயினும் பெரும்பாலான ஆட்டங்களில் மீளாமை என்பது ஆடுநர் தாமே விதித்துக்கொள்ளும் நோன்பாகவே உள்ளது.

‘அன்ரெஸ்ட்’: பிறப்பு வகுத்த பட்டியல்

இந்தியாவைச் சேர்ந்த பைரோடாக்டைல் குழுவினர் 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’, பண்டைய இந்தியாவை ஒத்த கற்பனை நிலத்தில் நிகழ்கிறது. பஞ்சத்தால் வாடும் பீம்ரா என்னும் நகரமே களன். உலகைக் காக்கும் ஒற்றை வீரன் இதில் இல்லை. ஆடுநர் அடுத்தடுத்துப் பல பாத்திரங்களை ஏற்கிறார்; விருப்பமற்ற மணத்துக்கு நிறுத்தப்படும் தான்யா என்னும் எளிய பெண்ணும், நாகர் இனத்தின் தூதராகிய சித்ராவும் அவர்களுள் அடங்குவர். வாட்போர் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது; உரையாடலே முதன்மைச் செயல். எதிரில் நிற்பவர் மனத்தில் நட்பு, மதிப்பு, அச்சம் ஆகியவை எவ்வளவு எழுந்தன என்பதை ஆட்டம் கணக்கிடுகிறது.

மேலைமிகுபுனைவு ஆட்டங்களில் ஆடுநர் தம் பாத்திரத்தின் இனம், பால், தொழில் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது வழக்கம். பிறப்பே அங்குத் தெரிவுக்குரியதாகிறது. ‘அன்ரெஸ்ட்’ அதனை மறுக்கிறது. தான்யாவுக்கு மணத்தை ஏற்கவோ மறுக்கவோ வழியுண்டு. ஆனால் அவள் தான்யாவாகப் பிறந்ததை மாற்ற வழியில்லை. சாதியும் வறுமையும் பாலினமும் எத்தொடர்களை நாவில் வைக்கின்றன, எவற்றை எடுத்துவிடுகின்றன என்பதையே இவ்வாட்டம் கதையாக்குகிறது. வரைகலையிலும் நீளத்திலும் எளியதாயினும், தெரிவு பற்றிய இதன் நோக்கு பெரும்பொருட்செலவில் உருவான பல ஆட்டங்களினும் கூரியது.

அரவான்: மூவர் பட்டியலில் எஞ்சியவன்

வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம்நாட் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். அது போர்க்களச் சாவு. அங்குத் தெரிவுக்கு இடமில்லை. தமிழ்மரபோ அவனைப் போருக்கு முன்னரே களப்பலியாக்குகிறது. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும் பின்னர் வில்லிபாரதத்திலும் இப்பகுதி இடம்பெற்றுள்ளது. வாய்மொழி மரபும் கூத்தும் இதனை மேலும் விரித்தன. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டலும் கூத்தாண்டவர் மரபைத் தனித்து ஆராய்ந்துள்ளார்.

தமிழ்மரபு செய்த இம்மாற்றம் இக்கட்டுரைக்கு மையமானது. இறுதி முடிவு மாறவில்லை, அரவான் இறக்கிறான். ஆனால் நேர்ந்த சாவு ஏற்ற சாவாகிறது. கதையில் இல்லாதிருந்த தெரிவைத் தமிழ்மரபு உள்ளே வைத்தது எனலாம். கிளைபிரிதல் கணினிக்கே உரிய பண்பு என்னும் எண்ணம் இங்குத் தளர்கிறது. ஆட்டத்தில் ஓர் ஆடுநர் ஓர் இரவில் செய்வதை, வாய்மொழி மரபில் ஒரு மக்கள்திரள் நூற்றாண்டுகளில் செய்கிறது.

ஆயினும் அத்தெரிவு எத்தகையது? முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்தியவனே பலிக்கு உரியவன். பாண்டவர் தரப்பில் அத்தகையோர் கண்ணன், அருச்சுனன், அரவான் என்னும் மூவர். கண்ணனின்றி வழிநடத்துநர் இல்லை. அருச்சுனனின்றி வெற்றி இல்லை. பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தாலும் இரண்டு முன்னரே மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவன் நாகப்பெண்ணின் மகன். அவனது இசைவு அவனுடையதே. அவனை அவ்விசைவுக்கு நிறுத்திய பட்டியல் அவனுடையதன்று. தான்யாவின் நிலையும் இதுவே.

கூவாகம்: மீளாப் பாத்திரமேற்பு

மணமாகாதவன் பலியாதல் தகாது என அரவான் மணம் வேண்ட, கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான் என்பது விழாவின் கதையடிப்படை. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்கள் நிகழும் பெருவிழாவில், திருநங்கையர் கூத்தாண்டவர் பெயரால் தாலி கட்டிக்கொள்கின்றனர். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆடவரும் உளர். மறுநாள் தேரோட்டத்தைத் தொடர்ந்து அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெண்புடவை உடுத்துகின்றனர்.

இதனை ஆட்டத்தோடு ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. திருநங்கையர்க்கு இது வேடமன்று. வழிபாடு, அடையாளம், ஆண்டுதோறும் கூடும் உறவு. எனினும் கதையாக்க நோக்கில் மூன்று பண்புகளைச் சுட்டலாம். ஒன்று, முடிவு அனைவர்க்கும் தெரியும். தெரிந்தே பாத்திரம் ஏற்கப்படுகிறது. இரண்டு, அவ்வாண்டின் அழுகையைத் திருப்பியெடுக்க வழியில்லை. விளைவை உடலே சுமக்கிறது. மூன்று, கதையில் ஓரிரவு மட்டும் தோன்றி மறையும் மோகினியின் துயரமே இங்கு மையமாகிறது. காவியம் பேசாதுவிட்ட கூற்றுக்குப் பேசுநர் கிடைத்துவிடுகின்றனர்.

‘மாஸ் எஃபெக்ட் 3’ என்னும் அறிவியல்புனைவுப் பாத்திரமேற்பு ஆட்டத்தின் முடிவு தங்கள் தெரிவுகளை மதிக்கவில்லை என ஆடுநர் 2012இல் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் அவ்வாண்டே விரிவாக்கிய முடிவை வெளியிட்டது. முடிவு மாறாவிடில் தெரிவு பொய் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. கூவாகத்தின் முடிவு ஆண்டுதோறும் மாறாதது; ஆயினும் அங்குப் பங்கேற்பு பொய்யாவதில்லை. தெரிவின் பொருள் முடிவில் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

அரவான் பெற்ற மற்றொரு வரமும் இங்கு எண்ணத்தக்கது. வெட்டுண்ட அவன் தலை பதினெட்டு நாள் போரையும் கண்டது என்பது மரபு. விட்சர் ஆடுநர் செயல்பட்ட பின்னரே விளைவைக் காண்கிறார். அரவான் செயலின் விலையை முன்னரே செலுத்திவிட்டுக் காண்கிறான். எதையும் மாற்றவியலாத, ஆனால் அனைத்தையும் காணும் உரிமை பெற்ற சான்றாளன் அவன். ஆட்டக் கோட்பாடுகளில் இத்தகைய பங்கேற்பாளனுக்குப் பெயரில்லை.

தெரிவு என்னும் சொல்லின் பொறுப்பு

தெரிவு பற்றிய இவ்வாய்வு கதைகளோடு நின்றுவிடுவதன்று. கூவாகம் அமைந்த இதே மாவட்டத்தின் கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் நாட்கூலித் தொழிலாளர். அரசு அறிவித்த உதவித்தொகையை ஒட்டி எழுந்த பொதுவிவாதத்தில், குடித்தது அவரவர் விருப்பம் என்னும் வாதம் மீளமீள ஒலித்தது. பெருந்துயரை ஆட்டத்தோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாதத்தின் கதையமைப்பைக் காண்பதே நோக்கம். அது இறந்தவரை எல்லாத் தொடர்களும் திறந்திருந்த ஆடுநராகக் கருதுகிறது. மலிவான பொட்டலத்தை அவர் கைக்கு எட்டும் தொலைவில் வைத்தவரைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுகிறது. கோமானின் குடும்பக்கதை குடிப்பவனின் பொறுப்பைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் தீர்ப்புக்குமுன் எல்லாக் கூற்றுகளையும் கேட்க வைக்கிறது. அக்கேட்டல் இவ்விவாதத்தில் நிகழவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பாத்திரமேற்பு ஆட்டத்தின் தெரிவு, வகுக்கப்பட்ட கூற்றுகளுள் ஒன்றை ஏற்பதாகும். அதனைத் தொல்காப்பியம் கூறும் கூற்று, கேட்போர், களன் ஆகிய உறுப்புகளால் விளக்க இயலும். ‘தி விட்சர் 3’ விளைவை மறைத்தும், ‘அன்ரெஸ்ட்’ பட்டியலைச் சுருக்கியும் தெரிவின் எல்லையைக் கதைப்பொருளாக்குகின்றன. அரவான் மரபு முடிவை மாற்றாமலே தெரிவை உள்வைத்து, அதன் சுமையைப் பங்கேற்போர் உடலுக்கு மாற்றுகிறது. எனவே இவ்வகைப் பனுவல்களை மதிப்பிடும்போது, எத்தனை முடிவுகள் உள்ளன என்பதோடு, பட்டியலை வகுத்தவர் யார், மூடப்பட்ட தொடர்கள் எவை, மீளவியலாத விளைவைச் சுமப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். தமிழில் உருவாகவிருக்கும் ஆட்டங்கள் புராண உருவங்களையும் படைக்கலங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளாது, கூத்தும் விழாவும் பேணிவரும் இப்பங்கேற்பு அறிவையும் எடுத்தாளுமாயின், உலக ஆட்டக்கலைக்கு அது புதிய வரவாக அமையும்.