'டிராக்குலா' புதினத்தின் சமயக் குறியீடுகளும் எல்லைப்புற மரபும்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

முன்னுரை

அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் 'டிராக்குலா' 1897இல் இலண்டனில் வெளிவந்தது. கல்லறையிலிருந்து எழுந்து உயிருள்ளோரின் குருதியைக் குடிக்கும் பிணமே இப்புதினத்தின் எதிர்த்தலைவன். ஆங்கிலத்தில் 'வாம்பயர்' எனப்படும் இதனைத் தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்று வழங்குவது பெருவழக்காகிவிட்டது. இவ்வழக்கின் பொருத்தத்தை ஆராய ஏற்ற களங்களாகக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதிகள் அமைகின்றன. தமிழ்நாட்டை ஒட்டிய இப்பகுதிகளில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதால், காட்டேரி, யட்சி என்னும் இரு சொற்களும் அருகருகே வாழ்கின்றன. இவை அச்சந்தரும் உருக்களின் பெயர்கள். அதே வேளையில் வழிபடப்பெறும் தெய்வங்களின் பெயர்களும் ஆகும். டிராக்குலாவோ வழிபாட்டுப் பொருளைக் கண்டு பின்வாங்குபவன். இவ்வேறுபாட்டைக் கருதாத மொழிபெயர்ப்பில் புதினத்தின் குறியீட்டு அமைப்பு எவ்வாறு குலைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணங்களால் ஆன புதினம்

இப்புதினத்தில் தனியொரு கதைசொல்லி இல்லை. ஜோனதன் ஹார்க்கரின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மருத்துவர் சீவர்டின் ஒலிப்பதிவுகள், கடிதங்கள், தந்திகள், கப்பலின் நாட்பதிவு, செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றை மீனா தட்டச்சு செய்து வரிசைப்படுத்துகிறாள். நம்பவியலாத நிகழ்ச்சியை நம்பத்தக்க ஆவணங்களால் நிறுவுவதே இவ்வுத்தியின் பயன் எனலாம்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்று தொடக்கப் பகுதியிலேயே உள்ளது. டிரான்சில்வேனிய மக்கள் தமக்குள் பேசும் சொற்களை ஹார்க்கர் தம் பன்மொழி அகராதியில் தேடிப் பார்க்கிறார். சாத்தான், நரகம், சூனியக்காரி என்னும் பொருள்கள் கிடைக்கின்றன. வேறு இரு சொற்கள் ஓநாய்மனிதனையோ குருதி குடிக்கும் பிணத்தையோ குறிப்பன என்றும், ஒன்று சுலோவாக்கியச் சொல், மற்றது செர்பியச் சொல் என்றும் அறிகிறார். அவருக்குக் கிட்டும் முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று அகராதி வழியே வருகிறது. ஓர் ஊரின் பேய்க்கு அவ்வூர்ப் பெயரே உரியது என்பதை மூலநூலாசிரியர் உணர்ந்திருந்தார் என்பது இதனால் புலனாகும்.

சமயக் குறியீடுகள்

புனித ஜார்ஜ் திருநாளின் முன்னிரவில், விடுதி மூதாட்டி ஹார்க்கரின் கழுத்தில் செபமாலையுடன் கூடிய சிலுவையுருவை அணிவிக்கிறாள். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த அவருக்கு அது சிலைவழிபாட்டின் சாயலுடையதாகத் தோன்றிக் கூச்சம் தருகிறது. பின்னர்க் கோட்டையில் அதுவே அவரைக் காக்கிறது. இங்குக் குறிக்கப்படுவது வெற்றுச் சிலுவை அன்று. இயேசுவின் திருவுடல் பொறித்த சிலுவை. தமிழகக் கத்தோலிக்கர் இதற்குப் 'பாடுபட்ட சுரூபம்' என்ற தனிச்சொல்லைக் கொண்டுள்ளனர். 'சிலுவை' என்று மட்டும் பெயர்த்தால் ஹார்க்கரின் கூச்சத்திற்குக் காரணம் இல்லாமற்போகும். அவரது மனமாற்றமும் மறைந்துவிடும்.

அடுத்தது நற்கருணை அப்பம். வான் ஹெல்சிங் இதனை ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொணர்கிறார். டிராக்குலா கொண்டுவந்த ஐம்பது மண்பெட்டிகளைத் தூய்மையாக்க இது பயன்படுகிறது. டிராக்குலா மீனாவைத் தன் மார்பின் குருதியைப் பருகச் செய்யும் காட்சி, நற்கருணைச் சடங்கின் தலைகீழ் வடிவமாகும். அதன்பின் அவள் நெற்றியில் வைத்த அப்பம் சுட்டுத் தழும்பாகிறது. குருதியே உயிர் என்பதால் அதனை உண்ணலாகாது என்பது விவிலியத்தின் உபாகம விதி. அக்கருத்தையே பித்தன் ரென்பீல்டு திரித்துக் குருதி குடிப்பதற்கு நியாயமாக்குகிறான். ஆகவே விலக்கும் சடங்கும் சேர்ந்தே இப்புதினத்தில் குருதிக்குப் பொருள் தருகின்றன. காட்டேரிக்குக் குருதிப்பலி இடும் மரபில் அது விலக்கு அன்று, படையல் ஆகும். இங்கேயே இரு மரபுகளும் பிரிகின்றன.

முடிவுக்காட்சியும் நோக்கத்தக்கது. டிராக்குலாவை வீழ்த்துவது சிலுவையோ மர முளையோ அன்று. ஹார்க்கரின் கூர்க்காக் கத்தி கழுத்திலும், அமெரிக்கரான குயின்சி மாரிசின் வேட்டைக்கத்தி நெஞ்சிலும் பாய்கின்றன. உடல் தூளாகிறது, மீனாவின் தழும்பு மறைகிறது. இரும்பு அழிக்கிறது, சமயக் குறியீடு அவ்வழிவை மீட்பு என உறுதிப்படுத்துகிறது.

எல்லைப்புற மரபு

இக்காட்சியோடு ஒப்பிடத்தக்க கதை கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யில் உள்ளது. அதன் தலைவரான கடமற்றத்துக் கத்தனார் ஒரு சிரியன் கிறித்தவப் பாதிரியார். அவருக்கு மந்திரம் கற்பித்தவர்கள் மலையரையர் என்பது கதை. இடுக்கி மலைப்பகுதி இம்மக்களின் வாழிடங்களுள் ஒன்றாகும். வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டுக் கொல்லும் யட்சியைக் கத்தனார் இரும்பாணி கொண்டு அடக்குகிறார். கிறித்தவக் குருவாயினும் இங்கும் இரும்பே வேலை செய்கிறது. ஆனால் முடிவு வேறு. யட்சி அழிக்கப்படுவதில்லை, பனையன்னார்காவில் இடம்பெற்று வழிபடப்பெறுகிறாள்.

தமிழ் மரபும் இத்தகையதே. 'நீலகேசி' என்னும் சமண நூலில், முனிவரை அச்சுறுத்த வந்த நீலி அவரால் அறம் உணர்ந்து, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடையவளாகிறாள். சிலப்பதிகாரத்தில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரியே கண்ணகிக்கு அடைக்கலம் தருகிறாள். காட்டேரியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் தமிழகத்தில் உள்ளன. கடல்கடந்த கயானாவின் காளி வழிபாட்டிலும் காட்டேரிக்கு இடமுண்டு. நிலைநிறுத்தலும் திருத்தலுமே இம்மரபின் தீர்வுகள். அழித்தல் ஒன்றே தீர்வு அன்று.

பாலக்காட்டின் தற்காலப் படைப்புகளிலும் இப்போக்கைக் காணலாம். மலம்புழை அணையருகே கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அமைத்த யட்சிச் சிற்பம் அச்சத்தைக் கலையாக மாற்றியது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி' (1967) புதினத்தில், முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளர் சீனிவாசன் தன் மனைவி ராகிணியை யட்சியென ஐயுறுகிறான். அவள் யட்சியா, அவனது மனம் பிறழ்ந்ததா என்பதே அங்கு வினா. ஸ்டோக்கரின் ஆவணங்கள் ஐயத்தைப் போக்கக் குவிகின்றன. மலையாற்றூரின் கதையோ ஐயத்தை வளர்க்கிறது.

சொல்தேர்வு

இவ்வகைச் சொல்மாற்றத்திற்குப் பழைய சான்றும் உண்டு. ரிச்சர்டு பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதையை 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது வேதாளத்தை 'வாம்பயர்' ஆக்கினார். பிணத்துள் புகுந்து புதிர்க்கதை சொல்லும் வேதாளம் ஆங்கில வாசகர்க்குக் குருதி குடிப்பதாயிற்று. 'இரத்தக் காட்டேரி' இத்தவற்றின் மறுதிசை வடிவம் எனலாம். அங்கு நம் வேதாளம் அயற்பேயாயிற்று. இங்கு அயற்பேய் நம் தெய்வத்தின் பெயரைப் பெற்றது. காட்டேரியை வணங்கும் வாசகர்க்கு, அவள் பெயர்கொண்ட உருவத்தை முளையடித்துத் தலைகொய்யும் காட்சி மீட்பாகத் தோன்றாது. அவர்தம் தெய்வம் சாத்தானின் இனமாகவும் ஆகிவிடுகிறது.

எனவே கதைசொல்வோரின் மொழியில் 'குருதி குடிக்கும் பிணம்' போன்ற விளக்கத்தொடரையோ, 'வாம்பயர்' என்ற ஒலிபெயர்ப்பையோ ஆள்வது தக்கது. சிற்றூர் மக்களின் அயற்சொற்களை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தலாம். அகராதியைத் தேடும் ஹார்க்கரின் அனுபவம் தமிழ் வாசகர்க்கும் கிட்டும்.

முடிவுரை

டிராக்குலாவின் சமயக் குறியீடுகள் தூயது, சபிக்கப்பட்டது என்னும் இருமையின்மேல் எழுந்தவை. யட்சி, நீலி, காட்டேரி ஆகிய பெயர்கள் அவ்விருமையைக் கடந்து நிற்பவை. சொல்லைப் பெயர்க்குமுன் அச்சொல்லுக்கு எங்கேனும் கோயில் உண்டா என்று வினவுவது மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.